மறதியின் காரணம் தேடியவர்

நுழையும்முன்

வீட்டில் உள்ள முதியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்து தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். அஃது எல்லார்க்கும் நேரும் இயல்பான மறதி. ஆனால், கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே அது எதற்குரிய பொருள் என்று அறியாமல் ஒருவர் திகைத்து நின்றால், அதனை முதுமை என்று சொல்லிக் கடந்துவிட இயலாது, அது நோய். அந்நோயின் தடயங்களை மூளைக்குள்ளேயே தேடிக் கண்ட மருத்துவர் ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

ஆற்றங்கரையில் பிறந்தவர்

ஜெர்மனி நாட்டின் பவேரியப் பகுதியில், மெயின் என்னும் ஆற்றின் கரையில் மார்க்ட்பிரைட் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1864ஆம் ஆண்டு சூன் திங்கள் 14ஆம் நாள் அலோய்ஸ் அல்சைமர் பிறந்தார். தந்தையார் எட்வர்ட் ஆவணங்களுக்குச் சான்றுறுதி வழங்கும் அலுவலர். பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு அக்குடும்பம் அஷாஃபன்பர்க் என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் பள்ளிக் கல்வி பெற்ற அல்சைமர், இயற்கை அறிவியல் பாடங்களில் சிறந்து விளங்கினார்.

பின்னர்ப் பெர்லின், டூபிங்கன், வூர்ஸ்பர்க் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் அவர் மருத்துவம் பயின்றார். 1887ஆம் ஆண்டு முனைவர் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வேடு, காதில் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. பிறர் பொருட்படுத்தாத மிகச் சிறிய உறுப்பையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பொறுமையுடன் காணும் பழக்கம் அக்காலத்திலேயே அவரிடம் வேரூன்றிவிட்டது.

கட்டுகளை அவிழ்த்த மருத்துவமனை

1888ஆம் ஆண்டு, பிராங்க்பர்ட் நகரில் மனநோயாளர்க்கும் வலிப்பு நோயாளர்க்கும் உரிய மருத்துவமனையில் அல்சைமர் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் மனநோயுற்றோரைக் கட்டிவைப்பதும் தனியறையில் அடைப்பதும் பல இடங்களில் வழக்கமாக இருந்தன. அம்மருத்துவமனையின் தலைவர் எமில் சியோலி அவ்வழக்கத்தை ஏற்காதவர். அவருடன் இணைந்து அல்சைமரும் நோயாளிகளின் கட்டுகளை நீக்கினார். வெந்நீர்க் குளியல், தோட்டத்தில் உலாவுதல், பரிவான உரையாடல் ஆகியவற்றால் அவர்களை அமைதிப்படுத்த முயன்றார்.

அடுத்த ஆண்டு ஃபிரான்ஸ் நிசில் என்னும் இளம் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். நரம்புச் செல்களுக்குச் சாயமேற்றி அவற்றின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காணும் முறையைக் கண்டறிந்தவர் அவர். சாயமேற்றாத மூளைத் திசு, நுண்ணோக்கியின் கீழ் மங்கலாகவே தோன்றும். உரிய சாயம் ஏறியவுடன் செல்களின் எல்லைகளும் உட்பகுதிகளும் புலப்படும். நண்பர்கள் இருவரும் பகலில் நோயாளிகளைக் கவனித்தனர். மாலையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தனர். மனநோய் தீவினையின் பயன் என்றும் தீய ஆவியின் செயல் என்றும் மக்களுள் பலர் எண்ணியிருந்த காலம் அது. மனத்தின் துன்பத்திற்கு உடலில் ஒரு காரணம் இருக்கலாம் என்றும், அதனைக் கண்ணால் காண இயலும் என்றும் அவ்விருவரும் நம்பினர்.

1894ஆம் ஆண்டு செசிலி என்பவரை அல்சைமர் மணந்தார். அவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தனர். ஆயினும் அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செசிலி காலமானார். தாயை இழந்த குழந்தைகளை வளர்க்க அல்சைமரின் தங்கை உதவிக்கு வந்தார். துயரத்தில் ஆழ்ந்த அல்சைமர், முன்னினும் மிகுதியாகத் தம் பணியில் மனத்தைச் செலுத்தினார்.

ஆகுஸ்டே என்னும் பெண்மணி

அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள், ஆகுஸ்டே டெட்டர் என்னும் பெண்மணி அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு அகவை 51. கணவர் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். பல்லாண்டுகள் இல்லறத்தை நன்கு நடத்திய ஆகுஸ்டே, சில காலமாகவே மாறியிருந்தார். கணவர்மீது காரணமின்றி ஐயம் கொண்டார். சமையலில் தவறுகள் செய்தார். பொருள்களை ஒளித்துவைத்துப் பின்னர் ஒளித்த இடத்தை மறந்தார். சொந்த வீட்டிலேயே வழி தெரியாமல் தடுமாறினார்.

மறுநாள் அல்சைமர் அவரருகே அமர்ந்து வினாக்கள் தொடுத்தார். ஒவ்வொரு விடையையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொண்டார். கணவரின் பெயரைக் கேட்டபோது ஆகுஸ்டே தம் பெயரையே கூறினார். பென்சில், பேனா, சாவி முதலிய பொருள்களைக் காட்டியபோது அவற்றின் பெயர்களைச் சரியாகச் சொன்னார். சிறிது நேரத்திற்குப் பின் எவற்றைக் கண்டார் என்று கேட்டபோது அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. நண்பகலில் பூக்கோசு உண்டுகொண்டிருந்தவர், தாம் உண்பது கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்னும் பொருள் தரும் முதற்சொல்லை எழுதிவிட்டு, அடுத்து எழுத வேண்டியது யாதென அறியாமல் நிறுத்திவிட்டார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் கூறியதையும் அல்சைமர் குறித்துக்கொண்டார்.

முதுமையில் நினைவு குன்றுவதை மருத்துவர்கள் அதற்கு முன்பும் அறிந்திருந்தனர். ஆனால், ஆகுஸ்டே முதியவர் அல்லர். ஐம்பதைக் கடந்த ஓராண்டில் ஒருவர் இவ்வாறு ஆவது ஏன்? இவ்வினா அல்சைமரின் மனத்தில் ஆழப் பதிந்தது. நோயைத் தீர்க்கும் மருந்து எதுவும் அவரிடம் இல்லை. அவரால் செய்யக்கூடியதாக இருந்தவை இரண்டே: அப்பெண்மணியை மதிப்புடன் நடத்துதல், கண்டவற்றைப் பிழையின்றிப் பதிவு செய்தல். இரண்டையும் அவர் குறைவறச் செய்தார்.

மியூனிக் ஆய்வகம்

1903ஆம் ஆண்டு அல்சைமர், புகழ்பெற்ற மனநல மருத்துவர் எமில் கிரேப்பிலினுடன் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்குள்ள மருத்துவமனையின் மூளைத்திசு ஆய்வகம் அவர் பொறுப்பில் வந்தது. மனைவி விட்டுச்சென்ற செல்வம் இருந்தமையால், தொடக்கத்தில் ஊதியம் பெறாமலேயே அவர் பணியாற்றினார். பல நாடுகளிலிருந்து இளம் மருத்துவர்கள் அவரிடம் பயில வந்தனர். ஒவ்வொரு மாணவர் அருகிலும் அமர்ந்து, அவர் நுண்ணோக்கியில் காண்பது யாது என்று விளக்குவது அல்சைமரின் வழக்கம்.

ஊர் மாறியபோதும் அவர் ஆகுஸ்டேயை மறக்கவில்லை. அவருடைய நிலையைப் பிராங்க்பர்ட்டிலிருந்து கேட்டறிந்து வந்தார். நாளடைவில் ஆகுஸ்டே பேச்சிழந்து படுக்கையில் வீழ்ந்தார். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் உயிர் நீத்தார். அல்சைமரின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஆகுஸ்டேயின் மருத்துவக் குறிப்புகளையும் மூளையையும் சியோலி மியூனிக்கிற்கு அனுப்பிவைத்தார்.

மூன்று மாற்றங்கள்

மூளையின் மேற்பகுதி சுருங்கியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. திசுவை மெல்லிய சீவல்களாக அரிந்து, வெள்ளி உப்பினைக் கொண்டு சாயமேற்றும் அன்றைய புதிய முறையை அல்சைமர் கையாண்டார். நுண்ணோக்கியில் அவர் கண்ட மாற்றங்களுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, நரம்புச் செல்களுக்குள் நுண்ணிய இழைகள் தடித்து, முறுக்கேறி, நூல்கண்டு சிக்கியதுபோல் பின்னிக் கிடந்தன. பல இடங்களில் செல் அழிந்துபோய், அதன் நினைவுச்சின்னம்போல் அச்சிடுக்கு மட்டுமே எஞ்சியிருந்தது. இரண்டாவது, செல்களுக்கு வெளியே, மூளையின் புறணி எங்கும் தினையளவிலும் மிகச் சிறிய படிவுகள் சிதறிக் கிடந்தன.

மூன்றாவது மாற்றம் துணைச் செல்களில் காணப்பட்டது. மூளையில் நரம்புச் செல்கள் மட்டும் இல்லை. அவற்றைத் தாங்கியும் பேணியும் காத்தும் நிற்கும் துணைச் செல்கள் எண்ணற்றவை உள்ளன. அவற்றைக் கிளியா என்பர். ஆகுஸ்டேயின் மூளையில் அத்துணைச் செல்கள் இழைகளைப் பெருக்கியிருந்தன. சிலவற்றில் கொழுப்புத் துளிகள் சேர்ந்திருந்தன. அமைதியாக இருக்க வேண்டிய காவலர்கள் ஏதோ ஒன்றைக் கண்டு கிளர்ந்தெழுந்தமை போன்ற தோற்றம் அது.

மூளையில் அழற்சி எவ்வாறு இருக்கும் என்பதை அல்சைமர் நன்கு அறிந்தவர். நோய்க்கிருமியால் மூளை பாதிக்கப்படும்போது இரத்தக் குழாய்களைச் சூழ்ந்து வெள்ளணுக்கள் திரண்டு நிற்பதை அவர் பலமுறை கண்டிருந்தார். ஆகுஸ்டேயின் மூளையில் அத்தகைய திரட்சி இல்லை என்பதையும் அவர் தெளிவாகக் குறித்தார். இருந்ததை எழுதியது போலவே, இல்லாததையும் எழுதிய நேர்மை அவருடையது.

வினா எழாத அவை

1906ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள், டூபிங்கன் நகரில் தென்மேற்கு ஜெர்மனியின் மனநல மருத்துவர்கள் கூடினர். அல்சைமர் தாம் கண்டவற்றை அவ்வவையில் விளக்கி உரையாற்றினார். உரை முடிந்ததும் வினாக்கள் எழும் என அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால், அவையிலிருந்து ஒரு வினாவும் எழவில்லை. அங்கிருந்தோரின் ஆர்வமெல்லாம் வேறு தலைப்புகளில் இருந்தது. பின்னாளில் உலகெங்கும் பேசப்படவிருந்த ஒரு கண்டுபிடிப்பு, அன்று எவர் கவனத்தையும் பெறாமல் கடந்துபோயிற்று.

அல்சைமர் தளரவில்லை. அடுத்த ஆண்டு தம் உரையைச் சுருக்கமான கட்டுரையாக வெளியிட்டார். அவரிடம் பயின்ற இத்தாலிய மருத்துவர் கயெட்டானோ பெருசினி, ஆகுஸ்டேயுடன் மேலும் மூவரின் மூளைகளையும் ஆராய்ந்து 1909ஆம் ஆண்டு விரிவாக எழுதினார். 1910ஆம் ஆண்டு கிரேப்பிலின் தம் மனநல மருத்துவ நூலின் எட்டாம் பதிப்பில் இதனைத் தனி நோயாகக் குறிப்பிட்டு, அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். பெயருக்குரியவரோ, இது தனி நோய்தானா, முதுமைக்கால நினைவிழப்பின் ஒரு வடிவமா என்று அதன் பின்னரும் ஆராய்ந்துகொண்டே இருந்தார். தம் பெயர் நிலைபெறுவதைக் காட்டிலும் உண்மை தெளிவாவதே அவருக்கு முதன்மையாக இருந்தது.

1912ஆம் ஆண்டு பிரெஸ்லாவு பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ள விராட்ஸ்வாஃப் நகரமே அன்றைய பிரெஸ்லாவு. அங்குச் செல்லும் வழியில் இரயிலிலேயே அவர் நோய்வாய்ப்பட்டார். பின்னர் முழு நலம் பெறவே இல்லை. 1915ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், தம் 51ஆம் அகவையில் மறைந்தார். ஆகுஸ்டே மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அகவையும் அதுவே. பிராங்க்பர்ட்டில் மனைவியின் கல்லறைக்கு அருகில் அவரை அடக்கம் செய்தனர்.

மூன்றாவது மாற்றத்தின் பொருள்

அல்சைமர் கண்ட படிவுகளும் சிடுக்குகளும் எவற்றால் ஆனவை என்பது 1980களில்தான் தெரியவந்தது. செல்களுக்கு வெளியே உள்ள படிவுகள் பீட்டா அமிலாய்டு என்னும் புரதத் துணுக்குகளால் ஆனவை. உள்ளே உள்ள சிடுக்குகள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை. நோயின் வெளிப்படையான அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுகிறது.

துணைச் செல்களில் கண்ட மூன்றாவது மாற்றம் நெடுங்காலம் மிகுந்த கவனம் பெறவில்லை. செல்கள் அழிந்த பின்னர் ஏற்படும் விளைவு அது என்றே பலர் கருதினர். இன்று அறிஞர்கள் அதனை வேறு விதமாகப் பார்க்கின்றனர்.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வெப்பமுற்று, வீங்குகிறது அன்றோ? அதுவே அழற்சி. தீங்கு நேர்ந்த இடத்தில் உள்ள செல்கள் சில புரதங்களை வெளியிடுகின்றன. அப்புரதங்கள் ஆபத்தை அறிவிக்கும் தூதுவர்களைப் போன்றவை. சைட்டோகைன்கள் என்பது அவற்றின் பொதுப்பெயர். இன்டர்லுகின் என்பது அவற்றுள் ஒரு வகை. தூது பெற்ற காவற்செல்கள் விரைந்து வந்து கிருமிகளை அழித்துப் புண்ணை ஆற்றுகின்றன. வேலை முடிந்ததும் தூது நிற்கிறது, வீக்கம் வடிகிறது. ஆகவே அழற்சி உடலின் தற்காப்பே.

மூளைக்குள் இக்காவற்பணியைச் செய்பவை மைக்ரோகிளியா என்னும் மிகச் சிறிய துணைச் செல்கள். அமிலாய்டு படியத் தொடங்கியதும் அவை அப்படிவுகளைச் சூழ்ந்துகொண்டு விழுங்கி அகற்ற முயல்கின்றன. அழற்சிப் புரதங்களையும் வெளியிடுகின்றன. ஆனால், முள்ளைப் போல் அமிலாய்டு எளிதில் நீங்குவதில்லை. எனவே தூதும் நிற்பதில்லை. பல்லாண்டுகள் ஓயாது சுரக்கும் அப்புரதங்கள், காக்க வேண்டிய நரம்புச் செல்களுக்கும் அவற்றின் இணைப்புகளுக்குமே ஊறு விளைவிக்கின்றன. சிவப்பும் வலியும் இன்றி உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் நீறுபூத்த நெருப்பு அது. இரத்தக் குழாய்களைச் சுற்றி வெள்ளணுத் திரட்சி இல்லாமலும், துணைச் செல்கள் மட்டும் மாறியும் இருந்ததை அல்சைமர் கண்டார் அல்லவா? இவ்வகை அழற்சியின் தடயமே அது என்று இன்று நம்மால் உணர முடிகிறது.

மைக்ரோகிளியாவின் பணியோடு தொடர்புடைய டிரெம்2 என்னும் மரபணுவில் சில வேறுபாடுகள் உடையோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என 2013ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. துணைச் செல்கள் நோயின் விளைவைச் சுமப்பவை மட்டுமல்ல, நோயின் போக்கிலும் பங்கு கொள்பவை என்பதற்கு இது வலிமையான சான்றாயிற்று. அவ்வாறாயின், அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள் நோயைத் தடுக்குமா? அவ்வாறு எண்ணிப் பெரிய அளவில் சோதனைகள் நடத்தப்பட்டன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அழற்சி ஒரு காலத்தில் காவலனாகவும் மற்றொரு காலத்தில் பகைவனாகவும் இருப்பதால், அதனை முற்றிலும் அடக்குவது தீர்வாகாது. எப்போது, எந்த அளவிற்கு அதனை அடக்க வேண்டும் என்பதே இன்றைய ஆய்வாளர்முன் நிற்கும் வினா.

நிலைத்து நிற்கும் ஏடு

அல்சைமர் எழுதிவைத்த ஆகுஸ்டேயின் மருத்துவ ஏடு பல்லாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. 1995ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் மருத்துவமனையின் ஆவணக் காப்பகத்தில் அது மீண்டும் கிடைத்தது. வினாவும் விடையுமாக அவர் எழுதிய பக்கங்களும், ஆகுஸ்டே எழுத முயன்று நிறுத்திய தாளும் அதனுள் இருந்தன. மியூனிக்கில் பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய கண்ணாடிச் சில்லுகளும் பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. புதிய நுண்ணோக்கிகளில் வைத்து நோக்கியபோது, அவர் விவரித்த சிடுக்குகளும் படிவுகளும் அவ்வாறே காணப்பட்டன.

அல்சைமர் எந்த நோயாளியையும் இந்நோயிலிருந்து மீட்கவில்லை. முழுமையாகத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஆயினும், நினைவிழந்த ஒருவரின் தடுமாற்றம் அவருடைய குற்றமன்று, பிடிவாதமன்று, மூளையில் நிகழும் மாற்றத்தின் விளைவு என்னும் உண்மையை அவர் உலகிற்குக் காட்டினார். சொன்னதையே திரும்பச் சொல்லும் முதியவரைக் கண்டு நகைப்பதும் சினப்பதும் அவ்வுண்மையை அறியாதார் செயல். தன் பெயரையே மறந்த ஒரு பெண்மணியிடம் அவர் ஒவ்வொரு வினாவையும் பொறுமையுடன் கேட்டார். தொலைபேசியில் உங்கள் பெயரைத் தாத்தாவோ பாட்டியோ மீண்டும் மீண்டும் கேட்கும் நாள் ஒன்று வருமாயின், ஒவ்வொரு முறையும் முதன்முறை சொல்வதுபோல் முகமலர்ந்து சொல்வதே நாம் காட்டக்கூடிய பரிவு.

தெரிந்து தெளிவோம்

ஆண்டுதோறும் செப்டம்பர் 21ஆம் நாள் உலக அல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐதராபாத்தில் நினைவிழப்பு நோயாளர் 648 பேரை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட, ஒன்றிற்கு மேற்பட்ட மொழிகள் பேசுவோர்க்கு நோயின் தொடக்கம் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாக நேர்ந்திருந்தமை தெரியவந்தது. வீட்டில் தமிழும் வெளியில் பிற மொழியும் பேசும் உங்களுக்கு இஃது ஓர் இனிய செய்தி.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
அழற்சி – தீங்கு நேர்ந்த இடம் சிவந்து வீங்குதல்
ஊறு – தீங்கு
குறும்பி – காதில் சேரும் அழுக்கு
சிடுக்கு – சிக்கல், பின்னல்
நீறு – சாம்பல்
புறணி – மூளையின் வெளியடுக்கு

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அல்சைமரின் முனைவர் பட்ட ஆய்வேடு எதனைப் பற்றியது?
2. மூளைத் திசுவிற்குச் சாயமேற்றுவது ஏன்?
3. டூபிங்கன் அவையில் அல்சைமரின் உரைக்குக் கிடைத்த வரவேற்பு யாது?

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.
1. ஆகுஸ்டேயின் மூளையில் கண்ட மூன்று மாற்றங்களைக் குறிப்பிடுக.
2. அழற்சி காவலனாகவும் பகைவனாகவும் விளங்குவது எவ்வாறு?

இ. சிந்தித்து எழுதுக.
இருந்ததை எழுதியது போலவே இல்லாததையும் அல்சைமர் எழுதினார். அறிவியலில் இது ஏன் இன்றியமையாதது? உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

ஈ. செயல்பாடு
உம் குடும்பத்து மூத்தவர் ஒருவரிடம் அவருடைய இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு, அவர் சொன்னவாறே கூட்டாமல் குறைக்காமல் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.